வெள்ளியில் மழை பெய்ததா?

(புதுச்சேரியில் நிகழ்த்திய பொதுச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



அழைப்பிதழில் அச்சாகியிருக்கும் தலைப்பு ‘வெள்ளிக் கோளில் உயிர் இருந்ததா?’ என்பது. அதை நான் கொஞ்சம் மாற்றிக்கொள்ள நீங்கள் அனுமதிக்க வேண்டும். உயிர் இருந்ததா என்று நேராகக் கேட்டால் இன்றைக்கு யாரிடமும் பதில் கிடையாது. பதில் இருக்கிறது என்று எவராவது சொன்னால் கதை விடுகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் அந்தக் கேள்விக்குள்ளே இன்னொரு கேள்வி ஒளிந்திருக்கிறது. அதற்கு விடை தேட வழி உண்டு, கருவி உண்டு, கணக்கு உண்டு. அந்தக் கோளில் எப்போதாவது மழை பெய்து தரை நனைந்ததா? நான் பேசப்போவது அதைப் பற்றித்தான்.

அங்கே இப்போதும் மழை பெய்கிறதே என்று வானியல் படித்த மாணவர்கள் குறுக்கிடலாம். உண்மை. ஆனால் அது கந்தக அமில மழை. மேகத்திலிருந்து புறப்படும் துளிகள் பாதி வழியிலேயே சூட்டில் ஆவியாகி மேலே திரும்பிவிடுகின்றன. தரையைத் தொடுவதே இல்லை. நான் கேட்பது தண்ணீர் மழையை. மண்ணில் விழுந்து ஓடிப் பள்ளத்தில் தேங்கிய மழையை.

வெள்ளியையும் மழையையும் சேர்த்துப் பேசுவது தமிழுக்குப் புதிதல்ல. வெள்ளி தன் நிலை மாறித் தெற்கே போனால் வானம் பொய்க்கும் என்பது சங்ககால நம்பிக்கை. பட்டினப்பாலை தொடங்குவதே அதை முன்வைத்துத்தான்: அந்தக் கோள் திசை தவறினாலும் காவிரி வற்றாது என்று சோழ நாட்டுக்குப் பெருமை சேர்க்கிறார் புலவர். அவர்களுக்கு வேண்டியிருந்தது இங்கே பெய்யும் மழை.

இந்த ஊருக்கும் வெள்ளிக்கும்கூட ஒரு பழைய கணக்கு உண்டு. சூரியனின் முகத்தைக் கரும்புள்ளியாக வெள்ளி கடந்துபோகும் நிகழ்வை வெவ்வேறு இடங்களிலிருந்து அளந்தால், சூரியன் எவ்வளவு தொலைவில் இருக்கிறது என்று கணக்கிட்டுவிடலாம். 1761ஆம் ஆண்டுக் கடப்பைப் புதுச்சேரியிலிருந்து அளக்கப் பிரான்சிலிருந்து கப்பலேறினார் லெ ஜான்தி என்ற வானியலர். அவர் வந்து சேருவதற்குள் ஊரை ஆங்கிலேயர் பிடித்துவிட்டார்கள். ஆடும் கப்பல் தளத்திலிருந்து கடப்பைப் பார்த்தார், அளவெடுக்க முடியவில்லை. அடுத்தது எட்டு ஆண்டு கழித்து என்பதால் ஊர் திரும்பாமல் இந்தியப் பெருங்கடல் பகுதியிலேயே தங்கினார். புதுச்சேரி பிரெஞ்சுக்காரர் கைக்குத் திரும்பியபின் இங்கே வந்து, இடிந்துகிடந்த ஆளுநர் மாளிகை இருந்த இடத்தில் ஒரு வான்நோக்கு நிலையம் கட்டிக் காத்திருந்தார். 1769 ஜூன் 4ஆம் தேதி காலை. அதற்கு முந்தைய நாள்களில் தெளிவாக இருந்த வானத்தில் அன்றைக்கென்று மேகம் திரண்டது. கடப்பு முடிந்த பிறகு சூரியன் வெளியே வந்தது. பிரான்சுக்குத் திரும்பிப் போனால், அவர் இறந்துவிட்டதாக முடிவுகட்டி உறவினர்கள் சொத்தைப் பங்கு போடும் ஏற்பாட்டில் இருந்தார்கள். இந்த மனிதரைப் பற்றி ஒரு தனி மாலை பேசலாம்.

அவர் கப்பலில் தடுமாறிக்கொண்டிருந்த அதே 1761 கடப்பை ரஷ்யாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கிலிருந்து பார்த்தவர் லோமனோசோவ். கோளின் விளிம்பில் மெல்லிய ஒளி தெரிந்ததை வைத்து, வெள்ளிக்குக் காற்று மண்டலம் இருக்கிறது என்றார். அவர் கண்டது அந்த ஒளிதானா என்று இன்றைக்கும் வாதிடுகிறார்கள். முடிவு மட்டும் சரி. 1769க்கு அடுத்த கடப்பு 1874இல் வந்தபோது, சென்னை வான்நோக்கு நிலையத்தில் பணியாற்றிய சிந்தாமணி ரகுநாதாச்சாரி அதைப் பொதுமக்களுக்கு விளக்குவதற்கென்றே ஒரு சிறுநூல் எழுதினார். என்னைப் போன்றவர்கள் செய்யும் வேலைக்கு அவர்தான் முன்னோடி.

காற்று உண்டு, வெண்மேகம் உண்டு, அளவிலும் ஏறக்குறைய பூமியேதான் என்று தெரிந்ததும் கற்பனை கட்டவிழ்ந்தது. பூமியின் ஆரம் 6,371 கிலோமீட்டர், வெள்ளியின் ஆரம் 6,052. நிறையில் பூமியின் ஐந்தில் நான்கு பங்கு. மேகம் என்றால் தண்ணீர்தானே என்று எல்லோரும் எடுத்துக்கொண்டார்கள். வேதியியலுக்கு நோபல் பரிசு வாங்கிய ஸ்வாந்தே அரேனியஸே, 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், வெள்ளியை ஓயாமல் ஈரம் சொட்டும் சதுப்புக்காடாக வருணித்தார். மேகத்துக்குக் கீழே ஒன்றும் தெரியாதது எல்லோருக்கும் வசதியாகப் போயிற்று.

முதல் எச்சரிக்கை 1932இல் வந்தது. கலிபோர்னியாவின் மவுண்ட் வில்சன் தொலைநோக்கியில் ஆடம்ஸ், டன்ஹாம் என்ற இருவர் வெள்ளியின் ஒளியைப் பிரித்துப் பார்த்தார்கள். ஏராளமாகக் கரியமில வாயு தெரிந்தது, நீராவி அகப்படவில்லை. 1956இல் அமெரிக்கக் கடற்படை ஆய்வகத்தார் 3 சென்டிமீட்டர் ரேடியோ அலையில் கேட்டபோது, முந்நூறு டிகிரி செல்சியஸுக்கு மேல் கொதிக்கும் ஒரு பொருளிலிருந்து வருவதுபோல் அலைகள் வந்தன. சூடாக இருப்பது தரையா, மேல் வளிமண்டலமா என்று ஆறு ஆண்டு விவாதம். 1962 டிசம்பர் 14 அன்று மாரினர் 2 விண்கலம் கோளை நெருங்கிப் பறந்து அதைத் தீர்த்துவைத்தது. சூடு தரையில்தான். சதுப்புக்காடு அன்றோடு காய்ந்துபோயிற்று.

பிறகு சோவியத் நாட்டார் போனார்கள். இந்த ஒரு கோள் விஷயத்தில் அவர்களை அடித்துக்கொள்ள ஆள் இல்லை. 1970 டிசம்பர் 15இல் வெனிரா 7 தரை தொட்டு 23 நிமிடம் பேசியது. வேறொரு கோளின் தரையிலிருந்து மனிதனுக்கு வந்த முதல் செய்தி அதுதான். அந்தச் செய்தி 475 டிகிரி வெப்பம் என்பது. 1975இல் வெனிரா 9 முதல் படம் அனுப்பியது. 1982 மார்ச்சில் இறங்கிய வெனிரா 13 இரண்டு மணி நேரத்துக்கும் மேல், 127 நிமிடம், தாக்குப்பிடித்தது. நான்கு நாள் கழித்து இறங்கிய அதன் இரட்டை, வெனிரா 14, மண்ணின் கெட்டித்தன்மையை அளக்க ஒரு கையை நீட்டியது. கழன்று விழுந்த கேமரா மூடி சரியாக அந்தக் கையின் கீழே கிடந்தது. பல கோடிக் கிலோமீட்டர் பயணம் செய்து, தான் கொண்டுபோன மூடி எவ்வளவு கெட்டி என்று அளந்து சொன்னது அந்தக் கலம்.

அந்தப் படங்களை 30 ஆண்டு கழித்து மறுபடி அலசிய ஒரு ரஷ்ய அறிஞர் 2012இல் தேள்போல ஏதோ நகர்கிறது என்று எழுதிவிட்டார். நம் தொலைக்காட்சிகள்கூட விடவில்லை. படத்தின் இரைச்சல் புள்ளிகளும் அதே கேமரா மூடிகளும்தான் என்று மற்றவர்கள் காட்டியபின் அந்தத் தேளைப் பற்றிப் பேச்சில்லை.

ஆக, இன்றைய தரை நிலவரம்: சுமார் 465 டிகிரி வெப்பம். ஈயம் உருகுவதற்கு 327 டிகிரி போதும். காற்றழுத்தம் நம்முடையதைப்போல் 92 மடங்கு, அதாவது கடலில் ஏறக்குறைய 900 மீட்டர் ஆழத்தில் இருப்பது. காற்றில் 96.5 விழுக்காடு கரியமில வாயு. புரதமோ மரபணுவோ அந்தச் சூட்டில் நொடிகூட நிற்காது. இன்றைக்குத் தரையில் உயிர் இல்லை என்பதற்கு மேல் அதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை.

சூரியனுக்குப் பக்கத்தில் இருக்கிறது, அதனால் சூடு என்று பலர் நினைக்கிறார்கள். அது நேரடிக் காரணம் அல்ல. இன்னும் பக்கத்தில் இருக்கும் புதன் வெள்ளியைவிடக் குளிர்ந்தது. அதைவிட விசித்திரம் ஒன்று உண்டு. வெள்ளியின் மேகங்கள் தம்மேல் விழும் ஒளியில் நான்கில் மூன்று பங்கைத் திருப்பி அனுப்பிவிடுகின்றன. கணக்குப் போட்டால், ஒரு சதுர மீட்டருக்கு வெள்ளி உள்ளே வாங்கிக்கொள்ளும் வெயில் பூமி வாங்கிக்கொள்வதைவிடக் குறைவு! வரவு நம்மைவிடக் குறைவாக இருந்தும் அது உலையாகக் கிடப்பதற்குக் காரணம், வந்த வெப்பத்தை வெளியேறவிடாமல் மறிக்கும் அந்தக் கரியமில வாயுப் போர்வை.

அந்த அளவு கரியமில வாயு பூமியில் இல்லையா? இருக்கிறது, ஏறக்குறைய அதே அளவு. ஆனால் காற்றில் இல்லை, கல்லில் இருக்கிறது. மழைநீர் காற்றிலிருந்து கரியமில வாயுவைக் கொஞ்சம் கரைத்துக்கொண்டு லேசான அமிலமாக விழுகிறது. பாறையை அரித்துக் கால்சியத்தை ஆற்றோடு கடலுக்குக் கொண்டுபோகிறது. அங்கே இரண்டும் சேர்ந்து சுண்ணாம்புக்கல்லாகப் படிகிறது. இங்கிருந்து அரியலூர் போனால் சிமெண்ட் ஆலைகள் வெட்டும் சுரங்கங்களில் அதைக் கையால் தொடலாம். டைனோசர் காலத்தில் அங்கே இருந்த கடல், காற்றிலிருந்த கரியை அப்படிப் பூட்டிவைத்தது. சூளையில் சுடும்போது அது மறுபடி காற்றுக்குப் போகிறது. எனவே மழை என்று நான் திரும்பத் திரும்பச் சொல்வது உயிருக்குக் குடிக்கத் தண்ணீர் வேண்டும் என்பதற்காக மட்டுமல்ல. மழை பெய்யும் கோளில்தான் காற்றிலுள்ள கரி கல்லாகும். பெய்யாத கோளில் அது காற்றிலேயே சேர்ந்துகொண்டு போகும். இரண்டு கோளும் பிரிந்தது அந்த இடத்தில்தான்.

சரி, அங்கே பெய்ததா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? பழைய ஆற்றுப்படுகை இருக்கிறதா என்று பார்க்கலாம் என்பீர்கள். செவ்வாயில் அப்படித்தான் கண்டோம். வெள்ளியில் அந்த வழி அடைபட்டிருக்கிறது. 1990 முதல் 1994 வரை மெகல்லன் விண்கலம் ரேடாரால் மேகத்தைத் துளைத்துக் கிட்டத்தட்ட முழுக் கோளையும் படம் எடுத்தது. விண்கல் விழுந்த பள்ளங்கள் ஆயிரத்துக்கும் குறைவு. பள்ளம் குறைவென்றால் தரை இளசு என்று பொருள். பெரும்பகுதி சில பத்துக் கோடி ஆண்டுகளுக்குள் எரிமலைக் குழம்பு மூடிய தரை. கோளின் வயதோ 450 கோடி ஆண்டு. அதன் வரலாற்றில் பெரும்பகுதியைக் குழம்பு ஓடி அழித்துவிட்டது. எரிமலைகள் இன்னும் ஓய்ந்தபாடில்லை: 1991இல் மெகல்லன் எட்டு மாத இடைவெளியில் எடுத்த இரண்டு படங்களை ஒப்பிட்டு, மாட் மலைப் பகுதியில் ஒரு எரிமலைவாய் உருமாறிப் பெரிதாகியிருப்பதை 2023இல் காட்டினார்கள். படங்கள் 30 ஆண்டு காலம் பெட்டகத்தில் கிடந்தன. பார்க்கப் பொறுமை உள்ள ஆள்தான் வேண்டியிருந்தது.

தரை வாய் திறக்காவிட்டால் காற்றைத்தான் கேட்க வேண்டும். கல்பாக்கம் அணு உலையால் கனநீர் என்ற சொல் இந்தப் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும். சாதாரண ஹைட்ரஜனைவிட இருமடங்கு எடையுள்ள டியூட்டீரியம் சேர்ந்த தண்ணீர் அது. நம் கடலில் சுமார் 6,400 ஹைட்ரஜன் அணுக்களுக்கு ஒன்றுதான் டியூட்டீரியம். 1978இல் வெள்ளிக்குள் இறங்கிய பயனியர் கலத்தின் அளவுகளிலிருந்து, அங்கே அந்த விகிதம் நம்மைவிட 100 மடங்குக்கும் மேல் என்று தெரியவந்தது. காரணம் எளிது. சூரியனின் புற ஊதாக் கதிர் நீராவியை உடைக்கிறது. லேசான ஹைட்ரஜன் விண்வெளிக்கு ஓடிவிடுகிறது. கனமானது அவ்வளவு சுலபமாக ஓடாது, பின்தங்குகிறது. பின்தங்கியது இவ்வளவு இருக்கிறதென்றால் ஓடிப்போனது எவ்வளவு இருந்திருக்கும்! இன்று வெள்ளியின் காற்றிலுள்ள நீராவி முழுவதையும் குளிரவைத்துக் கோள் முழுக்கப் பரப்பினால் சில சென்டிமீட்டர் ஆழம்தான் வரும். ஒரு காலத்தில் அது குறைந்தது சில மீட்டர், ஒருவேளை நூற்றுக்கணக்கான மீட்டர்.

இங்கேதான் பத்திரிகைகள் ஒரு தாவல் தாவின. வெள்ளியில் கடல் இருந்தது, அறிவியல் நிரூபித்தது என்று தலைப்புப் போட்டார்கள். டியூட்டீரியம் அப்படிச் சொல்லவில்லை. தண்ணீர் நிறைய இருந்தது என்கிறது; அது கடலாகக் கிடந்ததா, ஆவியாகவே மிதந்து ஆவியாகவே போனதா என்று சொல்லவில்லை. இரண்டு கதையும் ஒரே தடயத்தைத்தான் விட்டுச்செல்லும். இந்த ஒரு வேறுபாட்டை நீங்கள் மனதில் வைத்துக்கொண்டால், வெள்ளியைப் பற்றி இனி வரும் செய்திகளில் பாதியை நீங்களே எடைபோட்டுவிடலாம்.

இரண்டில் எது நடந்தது என்று பார்க்கப் பிறப்பிலிருந்து தொடங்க வேண்டும். பிறந்த புதிதில் பூமி, வெள்ளி இரண்டும் மேற்பரப்பு முழுக்க உருகிய பாறை; அதன்மேல் கனத்த நீராவி. அது குளிர்ந்து மழையாக வேண்டுமானால், உள்ளே வரும் வெயிலைவிட வெளியே போகும் வெப்பம் கூடுதலாக இருக்க வேண்டும். நீராவி மூடிய கோளால் வெளியேற்ற முடிந்த வெப்பத்துக்கு ஒரு உச்ச அளவு உண்டு. சதுர மீட்டருக்குச் சுமார் 280 வாட். தரை எவ்வளவு சூடானாலும் இதற்கு மேல் போகாது. ஏரியின் கலிங்கை நினைத்துக்கொள்ளுங்கள். அது இவ்வளவு தண்ணீர்தான் வெளியேற்றும். வரத்து அதைத் தாண்டினால் மட்டம் ஏறிக்கொண்டே போகும், கரை உடையும்வரை. இளம் சூரியன் இன்றைக்கு இருப்பதில் 70, 75 விழுக்காடு பிரகாசம்தான். அப்படியிருந்தும் வெள்ளிக்கு விழுந்த வெயில், இன்று பூமிக்கு விழுவதைப்போல் சுமார் 1.4 மடங்கு. இன்றைய பூமியைப்போல் 30 விழுக்காட்டைத் திருப்பி அனுப்பியிருந்தாலும் உள்ளே போவது 330 வாட் அளவுக்கு இருந்திருக்கும். கலிங்கு தாங்காது. பாதியைத் திருப்பி அனுப்பியிருந்தால் தாங்கும். அப்படியென்றால் எல்லாம் மேகத்தின் கையில்.

2016இல் நாசாவின் நியூயார்க் ஆய்வகத்தைச் சேர்ந்த மைக்கேல் வே குழுவினர் ஒரு கணினி மாதிரியை ஓட்டினார்கள். வெள்ளி மிக மெதுவாகச் சுழலும் கோள். தன்னைத்தானே சுற்ற 243 நாள், அதுவும் எதிர்த்திசையில். அங்கே ஒரு பகலும் இரவும் சேர்ந்தால் நம் கணக்கில் 117 நாள். இவ்வளவு நீண்ட பகலில் வெயில் படும் பக்கத்தில் கடல்நீர் கிளம்பிப் பெருமேகமாகத் திரண்டு குடைபிடிக்கிறது. அந்த மாதிரியில் வெள்ளி 200 கோடி ஆண்டுகளுக்கு மேல் மிதமான வெப்பத்தில், கடலோடு இருக்க முடிந்தது. 70 கோடி ஆண்டு முன்புவரைகூட இருந்திருக்கலாம் என்றார்கள். பூமியில் உயிர் தோன்ற அதில் பாதிக் காலம்கூட ஆகவில்லை. நம்பிக்கை பொங்கியது.

2021இல் மார்ட்டின் டர்பே தலைமையில் பிரான்ஸ், சுவிட்சர்லாந்து ஆய்வாளர்கள் அதே கேள்வியை வேறு முனையிலிருந்து தொடங்கினார்கள். வே குழு கடலை முதலிலேயே ஊற்றிவிட்டு அது நிலைக்குமா என்று பார்த்தது. இவர்கள் கொதிக்கும் நீராவியில் தொடங்கி, அதிலிருந்து கடல் உருவாகுமா என்று பார்த்தார்கள். உருவாகவில்லை. கடல் இல்லாத நீராவிக் கோளில் பகல் பக்கத்தில் மேகம் கூடுவதில்லை. குளிர்ந்த இரவுப் பக்கத்தில்தான் கூடுகிறது. பகலில் மேகம் குடை, இரவில் மேகம் கம்பளி. வெயிலைத் தடுக்க வேண்டிய இடத்தில் இல்லாமல், வெப்பம் தப்பிக்க வேண்டிய இடத்தில் போய் அடைத்துக்கொண்டது. முதல் துளி விழவே இல்லை. நமக்கும் ஒரு செய்தி அதில் இருந்தது: இளம் சூரியன் மங்கலாக இல்லாமல் இன்றைய பிரகாசத்தோடு இருந்திருந்தால், பூமியிலும் நீராவி கடலாகியிருக்காது.

இரண்டு ஆய்வும் ஒன்றையொன்று பொய்யாக்குவதாக நான் நினைக்கவில்லை. கடல் இருந்தால் காப்பாற்றிக்கொள்ளும் வழி வெள்ளிக்கு இருந்தது என்கிறது முதலாவது. கடலை அடையும் வழி இல்லை என்கிறது இரண்டாவது. நான் இரண்டாமவர் பக்கம். சூடாகப் பிறந்த கோளுக்குக் கடலைக் கையில் கொடுத்துத் தொடங்குவது எனக்கு உறுத்தலாகவே இருக்கிறது. 2024 இறுதியில் கேம்பிரிட்ஜ் குழு ஒன்று இன்னொரு பக்கத்திலிருந்து வந்து அதே இடத்தைத் தொட்டது. எரிமலை எதைக் கக்குகிறதோ அது கோளின் வயிற்றைக் காட்டும். பூமியின் எரிமலை வாயுவில் பெரும்பங்கு நீராவி. வெள்ளியின் காற்று இப்போதுள்ள நிலையில் நீடிக்க அதன் எரிமலைகள் என்ன கக்க வேண்டும் என்று கணக்கிட்டபோது, நீராவி அதிகபட்சம் 6 விழுக்காடு என்று வந்தது. ஒரு காலத்தில் கடலைக் குடித்த வயிறு இவ்வளவு வறண்டிருக்காது. இன்னொரு சிக்கலும் உண்டு. கடல் ஆவியாகி ஹைட்ரஜன் ஓடியிருந்தால், மிஞ்சிய ஆக்சிஜன் எங்கே? காற்றில் ஏறக்குறைய இல்லை. பாறையைத் துருவாக்கி மறைந்திருக்கலாம். ஆனால் ஒரு முழுக் கடலின் ஆக்சிஜனை விழுங்க ஏராளமான பாறை வேண்டும்.

இனி மேகத்துக்கு வருகிறேன். இந்தக் கூட்டத்தில் பலர் அதற்காகத்தான் வந்திருப்பீர்கள். தரையிலிருந்து 50 முதல் 55 கிலோமீட்டர் உயரத்தில் வெள்ளி வேறு முகம் காட்டுகிறது. அழுத்தம் நம் ஊர் அளவுதான், வெப்பமும் நாம் தாங்கக்கூடியதை நெருங்குகிறது. அங்கே நுண்ணுயிர் மிதந்தால் என்ன என்று 1967இலேயே கார்ல் சேகனும் ஹெரால்ட் மொரோவிட்ஸும் எழுதினார்கள். 2020 செப்டம்பரில் அது தலைப்புச் செய்தியாயிற்று. ஜேன் கிரீவ்ஸ் குழுவினர் ஹவாய், சிலி ரேடியோ தொலைநோக்கிகளில் பாஸ்பீன் வாயுவின் சுவடு தெரிகிறது என்றார்கள். இந்த வாயு நமக்கு அந்நியமானதல்ல. நெல் கிடங்குகளில் பூச்சி கொல்ல வைக்கும் அலுமினியம் பாஸ்பைடு மாத்திரை ஈரம் பட்டதும் விடுவது இதுதான். பூமியில் ஆக்சிஜன் இல்லாத சேற்றில் வாழும் சில நுண்ணுயிர்களோடும் இதற்குத் தொடர்பு உண்டு. அதனால்தான் அவ்வளவு பரபரப்பு. முதலில் நூறு கோடியில் 20 பங்கு என்றார்கள். தொலைநோக்கித் தரவைச் சரிசெய்தபின் அளவு பெரிதும் இறங்கியது. அது பாஸ்பீனே அல்ல, கந்தக டை ஆக்சைடு என்று ஒரு தரப்பு. பறக்கும் தொலைநோக்கி சோஃபியாவால் தேடியவர்களுக்கு ஒன்றும் தட்டுப்படவில்லை என்று இன்னொரு தரப்பு. கிரீவ்ஸ் குழு இன்னும் விட்டுக்கொடுக்கவில்லை. அவர்களைக் கேலி செய்தவர்களும் உண்டு, அது அநியாயம். தரவை வெளியே வைத்தார்கள், பிழையைப் பிறர் காட்டியதும் திருத்தினார்கள். உயிர் என்று அவர்கள் சொல்லவே இல்லை. சொன்னது செய்தித் தலைப்பு.

என் கவலை பாஸ்பீன் அல்ல, தண்ணீர். அந்த மேகத் துளியில் நான்கில் மூன்று பங்குக்கு மேல் கந்தக அமிலம். மிச்சமுள்ள தண்ணீரையும் அமிலம் இறுகப் பிடித்துவைத்திருக்கிறது. ஓர் உயிருக்கு எட்டக்கூடிய தண்ணீர் எவ்வளவு என்பதை 0 முதல் 1 வரை ஓர் அளவுகோலில் குறிப்பார்கள். சுத்தமான தண்ணீருக்கு 1. பூமியில் நாம் அறிந்த மிகத் தாகம் தாங்கும் பூஞ்சைக்கு 0.585 வேண்டும். வெள்ளியின் மேகத்தில் இருப்பது 0.004ஐத் தாண்டாது என்று 2021இல் ஜான் ஹால்ஸ்வொர்த் குழுவினர் கணக்கிட்டார்கள். எலும்பை உருக்கும் அமிலம் என்று பயமுறுத்த வேண்டியதில்லை. இந்த ஒரு எண் போதும்.

இதற்கும் பதில் வந்திருக்கிறது. நம்மைப்போன்ற உயிராக இருக்க வேண்டும் என்று யார் சொன்னது என்கிறார் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தின் சாரா சீகர். அடர்ந்த கந்தக அமிலத்திலேயே மரபணுவின் அடிப்படை மூலக்கூறுகளை ஊறவைத்து, அவை சிதையாமல் நிற்பதை 2023இல் காட்டினார் அவர். அழகான சோதனை. ஆனால் செங்கல் நிற்கிறது என்பதும் வீடு எழும்பும் என்பதும் ஒன்றல்ல. அப்படியே உயிர் அங்கே மிதக்கிறது என்று வைத்துக்கொண்டாலும், மிதக்கும் துளியில் அது எப்படித் தோன்றியது? பூமியின் மேகத்திலும் நுண்ணுயிர்கள் உண்டு. அவை மேகத்தில் பிறந்தவை அல்ல. மண்ணிலிருந்தும் கடலிலிருந்தும் காற்று தூக்கிப்போனவை. வெள்ளியின் மேகத்தில் உயிர் இருந்தால் அது கடல் கொதித்துப்போனபோது மேலே தப்பி ஏறிய குடும்பமாக இருக்க வேண்டும், அல்லது பூமியில் விண்கல் மோதித் தெறித்த கல்லோடு போன விருந்தாளியாக இருக்க வேண்டும். விருந்தாளிக்கு வாய்ப்பு மிகக் குறைவு. ஆகவே மேகத்தைப் பற்றிய கேள்வியும் சுற்றி வந்து மழையில்தான் நிற்கிறது.

இதற்கு மேல் இங்கே உட்கார்ந்து கணக்குப் போட்டுத் தீராது. போய்ப் பார்க்க வேண்டும். 2021 ஜூனில் மூன்று திட்டங்கள் தேர்வாயின: நாசாவின் டாவின்சி, வெரிட்டாஸ்; ஐரோப்பாவின் என்விஷன். நாசாவின் இரண்டும் தள்ளிப்போக, மூன்றும் இப்போது 2030களின் பேச்சாக இருக்கின்றன. அமெரிக்கத் திட்டங்களின் நிதி பற்றிக் கவலை தரும் செய்திகளும் வந்திருக்கின்றன. நம் இஸ்ரோவின் வெள்ளிச் சுற்றுக்கலத்துக்கு 2024 செப்டம்பர் 18 அன்று மத்திய அமைச்சரவை 1,236 கோடி ரூபாய் ஒதுக்கி ஒப்புதல் தந்தது. 2028 மார்ச்சில் ஏவுவது திட்டம். அது மேலிருந்து தரையையும் வளிமண்டலத்தையும் ஆராயும். எரிமலைக்கும் மேகத்துக்கும் அது நிறையத் தரலாம். மழைக் கேள்வியை அது தனியாகவே தீர்க்கும் என்று தேசப்பற்றுக்காகச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

தீர்க்கக்கூடியவை இரண்டு அளவுகள். ஒன்று செனான், கிரிப்டான் போன்ற மந்த வாயுக்கள். எதனோடும் சேராத அவை கோள் பிறந்த நாளின் கணக்கை அப்படியே வைத்திருக்கும். எவ்வளவு காற்று, எவ்வளவு நீர் எந்த வேகத்தில் தப்பியது என்று அவற்றின் விகிதத்திலிருந்து பின்னோக்கிக் கணக்கிடலாம். டாவின்சி ஒரு மணி நேரம் காற்றில் விழுந்துகொண்டே அதை அளக்கப்போகிறது. மற்றொன்று கல். வெள்ளியின் தரையில் ஏழெட்டு விழுக்காடு மட்டும், தெசெரா என்று பெயரிட்ட மடிப்பு மடிப்பான மேட்டுநிலம், புதிய எரிமலைக் குழம்பில் மூழ்காமல் தலை நீட்டிக்கொண்டிருக்கிறது. அங்கே எஞ்சியிருப்பதில் மிகப் பழைய தரை அதுதான். அது சாதாரணக் கருங்குழம்புப் பாறையா, கிரானைட்டா? செஞ்சிக்கோட்டை ஏறியவர்களுக்கு அந்தப் பாறைக் குடும்பம் தெரியும். பெருமளவில் கிரானைட் உருவாகப் பாறைக்குள் தண்ணீர் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். பூமியில் அதைக் கொண்டுபோய்ச் சேர்ப்பது கடல். மேகத்தை ஊடுருவி வரும் அகச்சிவப்பு ஒளியில் சில மெல்லிய சன்னல்கள் உண்டு. அவற்றின் வழியே வெரிட்டாஸும் என்விஷனும் அந்தப் பாறையின் வகையைக் கண்டுபிடிக்க முயலும். டாவின்சி இறங்கப்போவதும் ஆல்ஃபா ரீஜியோ என்ற தெசெராவில்தான். கடைசிக் கிலோமீட்டர்களில் மேகமில்லாத காற்றிலிருந்து அதைப் படம் எடுக்கும்.

அந்த மேட்டில் கிரானைட் இருந்தால் நான் டர்பே பக்கத்திலிருந்து எழுந்து வே பக்கத்தில் போய் உட்கார வேண்டியதுதான். கருங்குழம்புப் பாறையாக இருந்தால்கூட வே கையில் ஒரு வாதம் மிஞ்சும்: கடல் வந்து போனபின் உருவான பாறையாக இருக்கலாமே என்பார். அதற்கு என்ன பதில் சொல்வேன் என்று இப்போதே யோசித்து வைத்திருக்கிறேன். ஆனால் நேரமாகிவிட்டது, முன்வரிசையில் ஒரு மாணவி வெகுநேரமாகக் கை தூக்கியபடி இருக்கிறார். அவர் கேட்கட்டும்.